நோன்பு ராத்திரி பெட்டியைத் திறந்தது யார்?

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று நான் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதுதான் தாமதம், சென்னையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டுவிட்டார். "சாவி யார்கிட்ட இருக்கு? அவன்கிட்டக் கேளு." விசாரணையும் தீர்ப்பும் அதோடு முடிந்தது. சாவி இருப்பது வீடு பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா பார்த்துக்கொண்டார். வளவில் (வீட்டு நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) எந்தத் தூண் அடியில் கரையான் ஏறுகிறது என்பது எங்கள் யாரையும்விட அவருக்குத்தான் தெரியும், ஆனால் ஒரு சாமான் காணவில்லை என்றால் முதலில் அவர் பெயர்தான் வரும். நான் பெரியப்பாவிடம், "ஒரு நாள் பொறுங்க, பெட்டி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு அப்புறம் யாரையாவது கேட்போம்" என்றேன். பெட்டி என்ன சொல்லும் என்று அவருக்குப் புரியவில்லை. அதற்காகத்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன், குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். எங்கள் வீடு பங்கு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் பொது, வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனித்தனி. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டு, பூட்டிய அறைகளில் என்னென்ன இருக்கிறது என்று படத்தோடு பட்டியல் எடுத்தோம். எனாமல் சாமான், பெல்ஜியம் கண்ணாடி, இரும்புப் பெட்டி, பர்மாவிலிருந்து வந்த பேரேடு, இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பதிவு ஓலை, கல்யாணச் சாமான் கணக்கு என்று அத்தனையும். எந்த அறையில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதுவரை படத்தில் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலின் மதிப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வாங்கியது பொதுப் பணத்தில், பொறுப்பு என்னிடம். இடம், முகப்பை ஒட்டிய சின்ன அறை.

இதெல்லாம் நடந்தது மாட்டுப் பொங்கல் அன்று. காலையில் போனேன். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது, மதர்போர்டு கம்பெனியின் படம் வந்தது, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ். அதாவது, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று பெட்டிக்குத் தெரியவில்லை. இதை வைத்தே பாதி விஷயத்தை ஒதுக்கிவிடலாம். காற்றாடியே சுற்றாவிட்டால் பெரும்பாலும் பவர் சப்ளையில் கோளாறு. சுற்றியும் திரையில் ஒன்றும் வராமல் பீப் பீப் என்று கத்தினால் ராமோ டிஸ்ப்ளே கார்டோ ஆடிப் போயிருக்கும். நீலத் திரை வந்தால் விண்டோஸ் வரைக்கும் போய் அங்கே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே போர்டு நன்றாக எழுந்துவிட்டது, டிஸ்க்கைத்தான் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் டிஸ்க் செத்திருக்க வேண்டும், அல்லது அதைத் தேடச் சொல்லும் அமைப்பு மாறியிருக்க வேண்டும்.

டெலீட் விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்னால் பெட்டியை எழுப்பும் அமைப்பான பயாஸுக்குள் நுழைந்தேன். இரண்டு விஷயம் உடனே கண்ணில் பட்டது. ஒன்று, கடவுச்சொல் கேட்கவில்லை. பயாஸுக்கு நான் கடவுச்சொல் வைத்திருந்தேன், பென் டிரைவிலிருந்து கிளம்ப முடியாதபடியும் செய்திருந்தேன். இப்போது கடவுச்சொல்லும் இல்லை, அந்தத் தடையும் இல்லை. எல்லாம் கம்பெனி வைத்துக் கொடுத்தபடி. விண்டோஸ் நிறுவியது யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில், ஆனால் போர்டு பழைய லெகஸி முறைக்குத் திரும்பியிருந்தது. டிஸ்க் இருந்தும் ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டு, கடிகாரம். 2018 ஜனவரி 22, 15:50 என்று காட்டியது. என் கைப்பேசியில் மணி காலை 11:20.

எதையும் தொடுவதற்கு முன்னால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன், கைப்பேசியின் நேரமும் கூடவே தெரிகிற மாதிரி, பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில். இதை யாரும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். எஃப்10 அடித்துச் சேமித்துவிட்டால் போச்சு, நேரத்தைச் சரி செய்துவிட்டால் இன்னும் போச்சு.

காரைக்குடியில் தெரிந்த சர்வீஸ் பையனுக்குப் போன் போட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது: "சிமாஸ் பேட்டரி போயிருக்கும் சார், அம்பது ரூவா சமாச்சாரம், மாத்திடுங்க." பத்துக்கு ஒன்பது தடவை அந்தப் பதில் சரியாகத்தான் இருக்கும். போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் பளபளவென்று ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். பெட்டி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பதும் அமைப்புகளை நினைவில் வைப்பதும் அதுதான். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை பெட்டி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து ஒரு துளி மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை இல்லை. மெயினை அணைத்துவிட்டால் பேட்டரி தனியாகச் சுமக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பூட்டிய வீடுகளில் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், இடி மின்னலுக்கும் வயரிங் பழசு என்பதற்கும் பயந்து. அதனால் இங்கே அந்தப் பேட்டரிகள் சீக்கிரம் தீரும்.

ஆனால் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறை மெயினைப் போட்டுக் கிளப்பும்போதும் "அமைப்பு தொலைந்துவிட்டது, எஃப்1 அழுத்து" என்ற மாதிரி ஒரு எச்சரிக்கை வரும். எனக்கு வரவில்லை. கடிகாரமும் ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்தே தொடங்கும். இங்கே 22-ஆம் தேதி வரைக்கும் ஓடியிருக்கிறது. அதுவும் போன வருஷம்தான் நானே அந்தப் பேட்டரியை மாற்றினேன்.

வீடு பார்க்கும் அண்ணன் அறை வாசலில் நின்றார். பெரியப்பா பேசியது அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. "நான் மெயினை மட்டுந்தான் தம்பி அணைப்பேன். பிள்ளையார் நோன்பு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதும் அணைச்சேன், இன்னைக்கு நீங்க வந்துதான் போட்டேன். இந்த ரூம்புக்குள்ள கூட்டக்கூட வர்றதில்ல, வயரு கியரு கால்ல பட்டுறக் கூடாதுன்னு." உண்மைதான், தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூ தெரியாத அளவுக்குத் தூசி. அவர் அதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார், ஆனால் எனக்கு அது வேறு விதத்தில் உதவியது. மெயின் அணைந்திருந்த அத்தனை நாளும் கடிகாரம் நிற்காமல் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பேட்டரி உயிரோடு இருக்கிறது.

சரி, மூடியைத் திறந்து பார்ப்போம் என்று பின்பக்கம் திருப்பினேன். பக்கவாட்டுத் தகடுக்கு இரண்டு கைத்திருகு உண்டு, ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் விரலாலேயே திருகுகிற வகை. மேலே இருந்தது அதேதான். கீழே இருந்தது வேறு ஏதோ ஒரு சின்னத் திருகாணி, தலை தேய்ந்துபோய், முறுக்கி ஏற்றியிருந்தது. போன வருஷம் பேட்டரி மாற்றியபோது எடுத்த படம் என் கைப்பேசியில் இருக்கிறது, அதில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. பெட்டியின் உள்ளே எப்போது கை வைத்தாலும் மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம், எந்த வயர் எங்கே என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

தகட்டை எடுத்தேன். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தவர்களுக்குத் தெரியும், உள்ளே மாவு சலித்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். ராம், வயர், வெப்பத் தகடு, கார்டு எல்லாவற்றின் மேலும் அது ஒரே சீராக இருந்தது. பேட்டரியின் முகத்தில் மட்டும் இல்லை. பளிச்சென்று இருந்தது, அதில் அச்சடித்த எழுத்தை டார்ச் இல்லாமலே படிக்க முடிந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் தூசியில் ஒரு விரல் இழுத்த கோடு, கார்டின் அடியில் நுழைய இடம் போதாமல் சரித்துப் போன மாதிரி.

மல்டிமீட்டரை வைத்தேன். 3.02. புதிய பேட்டரி 3-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். பளு இல்லாமல் அளந்தால் சோர்ந்த பேட்டரியும் சில சமயம் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும் என்பதால், அன்று இரவு வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுநாள் பார்த்தேன். அமைப்புகள் அப்படியே இருந்தன. ஆக, பேட்டரி தானாகச் சாகவில்லை, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன்? இந்த வகைப் போர்டுகளில் பயாஸ் கடவுச்சொல்லைத் தாண்ட அதுதான் எளிய வழி. மின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேட்டரியைக் கழற்றி வைத்தால் கடவுச்சொல்லும் சேர்ந்து மறந்துபோகும். லேப்டாப்புகளிலும் இப்போதைய பல போர்டுகளிலும் கடவுச்சொல்லைத் தனிச் சில்லில் வைப்பதால் இந்த வித்தை பலிக்காது. வீட்டு டெஸ்க்டாப்பில் இன்னும் பலிக்கிறது.

இப்போது அந்தக் கடிகாரத்துக்கு வருகிறேன். பேட்டரியைத் திரும்ப மாட்டிய நொடியில் கடிகாரம் போர்டின் ஆரம்பத் தேதிக்குப் போய் அங்கிருந்து ஓடத் தொடங்கும். இந்தப் போர்டின் ஆரம்பத் தேதி எது? எல்லாப் படமும் எடுத்து முடித்த பிறகு நானே ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்தேன்: 2018 ஜனவரி 1, 00:00. சரி, கழித்தல் கணக்குத்தான். ஜனவரி 22, 15:50 என்றால் மாட்டி 21 நாள், 15 மணி, 50 நிமிடம் ஆகியிருக்கிறது. மாட்டுப் பொங்கல் காலை 11:20-லிருந்து அதைப் பின்னுக்குத் தள்ளினால் வந்து நிற்பது, நகரத்தார் குடும்பங்கள் ஊர் வீட்டில் கூடும் பிள்ளையார் நோன்பு அன்று மாலை 7:30. இந்தக் கடிகாரங்கள் நாளைக்குச் சில நொடி முன்பின் போகும், மூன்று வாரத்தில் ஒரு நிமிடம் தப்பலாம். மணிக்கணக்கில் தப்பாது. திறந்தவர்கள் எல்லாத் தடயத்தையும் மறைத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள், ஆனால் அவர்கள் திறந்த நேரத்திலிருந்து பெட்டியே நிமிடம் நிமிடமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

இடையில் இன்டர்நெட் கிடைத்திருந்தால் இந்தச் சாட்சி போயிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸோ, அதைப் போலவே பெட்டியை ஓட்டும் லினக்ஸோ வலையில் சேர்ந்ததும் நேரத்தைச் சரி செய்துவிடும். அந்தச் சுவர்களின் தடிமனுக்குள் கைப்பேசி சிக்னலே தத்தளிக்கும், எங்கள் வீட்டில் இணைப்பும் கிடையாது, அதனால் தப்பித்தது.

நோன்பு அன்று ஏழரை மணிக்கு வீட்டில் யார் எங்கே இருப்பார்கள் என்று நகரத்தார் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். எல்லோரும் வளவில். பெரியவர் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக் கொடுக்க, எரிகிற திரியோடு மாவை வாயில் போட்டுக்கொள்ளும் நேரம். பிள்ளைகள் முதல் ஆச்சிகள் வரை அங்கேதான். முகப்பு காலி, கதவெல்லாம் திறந்து கிடக்கும், வந்த சனத்தின் செருப்பு மட்டும் இருக்கும். வீடு பார்க்கும் அண்ணனோ அந்த நேரத்தில் இரண்டாம் கட்டில் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார், அதை நானே பார்த்தேன். அன்றைக்கு சாவியே தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் நேரம் மட்டும் தெரிந்தால் போதாது, என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும். பயாஸில் யூஇஎஃப்ஐ முறையைத் திரும்ப வைத்தாலே விண்டோஸ் கிளம்பிவிடும் என்று தெரியும், ஆனால் உடனே கிளப்பவில்லை. கிளப்பினால் விண்டோஸ் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எழுதும், இருக்கிற தடயத்தின் மேல் தன் தடத்தைப் போடும். டிஸ்க்குகளைக் கழற்றி என் லேப்டாப்பில் லினக்ஸில், படிக்க மட்டும் முடிகிற முறையில் மாட்டிப் பார்த்தேன்.

விண்டோஸ் தன் வரவு செலவை ஈவென்ட் லாகில் எழுதும். 6005 என்றால் எழுந்தது, 6006 என்றால் ஒழுங்காக அணைந்தது, 6008 என்றால் முந்தைய முறை படக்கென்று அணைந்துவிட்டது. யார் நுழைந்தார்கள் என்பதற்கு 4624, தவறான கடவுச்சொல்லுக்கு 4625 (இந்தப் பதிவு எல்லாப் பெட்டியிலும் தானாக வராது, முன்னாலேயே போட்டு வைத்திருக்க வேண்டும்). தீபாவளிக்கு நான் அணைத்ததற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. இதைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுக் கிளப்பியிருந்தால் விண்டோஸ் அப்போது தூக்கத்தில் இருக்கிறது, அதற்கு எப்படித் தெரியும்? விண்டோஸின் கடவுச்சொல்லும் அங்கே ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் உள்ளதைக் குறியீடாக மாற்றிப் பூட்டவில்லை என்றால் எல்லாக் கோப்பும் திறந்த புத்தகம்தான்.

டிஸ்க்குக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது, ஸ்மார்ட் என்று பெயர். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் ஏறியது என்று டிஸ்க் தனக்குள்ளேயே எண்ணி வைத்திருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும், எதை வைத்துக் கிளப்பினாலும் அந்த எண் ஏறும், சாதாரண ஆட்கள் அதை இறக்க முடியாது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். நகல் எடுக்கும்போதெல்லாம் தேதியோடு அந்த மணிக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதுவது என் வழக்கம். ஐந்தொகைக் கணக்கு பார்த்து வளர்ந்த வீடு, எதையாவது எழுதி வைக்காவிட்டால் கை அரிக்கும். தீபாவளிக்கு எழுதியது 1412. இப்போது 1415. நான் அன்று காலையில் தடவிய நேரத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாவது கணக்கு இடிக்கிறது. பட்டியல் படங்கள் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு எடுக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

எந்தெந்தக் கோப்பு போனது என்பது? அதற்கு வழியில்லை. படிக்க மட்டும் செய்து நகல் எடுத்தால் அசல் கோப்பில் தடமே இருக்காது. படத் திருட்டில் படம் காணாமல் போவதில்லை, அதுதான் தொல்லை.

அன்று சாயங்காலமே நோன்புக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஆச்சியிடம் பேச்சுக்குக் கேட்டேன். ஆச்சி விருந்தாளிகளை மறப்பதில்லை. "சின்னவன் மகன் ஒரு சிநேகிதனைக் கூட்டியாந்தான்ல, கண்ணாடி போட்ட பய. இழை எடுக்கக்கூட வரல. கூப்பிட்டதுக்கு, நாங்க அப்புறம் சாப்பிடுறோம் ஆச்சின்னான்." சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். குற்றம் சாட்டவில்லை, "பெட்டியைத் திறந்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமாண்ணே, நான்தான். ஏன், ஓடலையா?"

மறைக்கும் எண்ணமே அவனுக்கு இல்லை. அவன் அறையில் உள்ள சாமான் பட்டியல் வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறான், பெரியவர்கள் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியிருக்கிறார்கள். வீட்டை விற்கிற பேச்சு அடிபடுவதால் அவனுக்கு அவசரம். சிநேகிதன் கம்ப்யூட்டர் படிக்கிறவன், பென் டிரைவோடு வந்தான், எடுத்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு விண்டோஸ் கிளம்பாது என்று அந்தக் கெட்டிக்காரனுக்குத் தெரியவில்லை. "பொதுப் பணத்துல வாங்குன பெட்டி, நானும் ஒரு புள்ளி. என் வீட்டுப் பட்டியலை நான் பார்க்க யார்கிட்டண்ணே கேட்கணும்?"

பதில் சொல்லக் கொஞ்சம் திணறினேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 சொல்வது இது: கம்ப்யூட்டரின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் அதில் நுழைந்தாலோ தகவலை நகல் எடுத்தாலோ இழப்பீடு கொடுக்க வேண்டும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் யார் என்றால் அவனும்தான். பொறுப்பாளர் நான். சட்டம் எழுதியவர்கள் பங்கு வீட்டுக் கம்ப்யூட்டரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கட்சி இதுதான்: அவன் அறைப் பட்டியல் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும், தள்ளிப்போட்டது பெரியவர்கள் தப்பு. ஆனால் அவன் எடுத்தது அவன் அறையை மட்டும் அல்ல, எல்லா அறையையும். எடுத்தது வெளி ஆளின் கையால், வெளி ஆளின் லேப்டாப்பில். அது உரிமை ஆகாது.

பெரியப்பாவிடம் சொன்னேன். "ஓ, அவனா? நம்ம பையன்தானே, விடு" என்றார். காலையில் வீடு பார்க்கும் அண்ணன்தான் என்று நினைத்தபோது போலீஸுக்குப் போகலாமா என்று கேட்ட அதே வாய். செய்த காரியம் ஒன்றுதான், ஆள் மாறியதும் அது குறும்பாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, சொல்லியும் விட்டேன்: அந்த அண்ணனிடம் நீங்களே பேசுங்கள் என்று. பேசினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, பொங்கலுக்கு வேட்டி வாங்கிக்கொள் என்று பணம் அனுப்பினார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டார், என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். யாரோ கையை வைத்த பெட்டி, அது சொந்தத் தம்பியாக இருந்தாலும், அதில் உள்ள விண்டோஸை அப்படியே நம்பக் கூடாது. கீபோர்டு வயருக்கும் பெட்டிக்கும் நடுவில் விரல் அளவு ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்த்தேன், தட்டுவதை எல்லாம் பதிவு செய்யும் கருவிகள் அப்படித்தான் இருக்கும். இல்லை. லாகின் திரையில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டிப் பார்த்தேன். அங்கே வழக்கமான ஸ்டிக்கி கீஸ் கேள்விக்குப் பதில் கறுப்பாகக் கமாண்ட் ஜன்னல் திறந்தால், யாரோ அந்தக் கோப்பை மாற்றி வைத்துப் பின்வாசல் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் இல்லை. இருந்தாலும் விண்டோஸைத் துடைத்துப் புதிதாகவே போட்டேன். படங்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

படங்கள் உள்ள டிஸ்க்கை இப்போது வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பூட்டியாகிவிட்டது. முன்னால் பூட்டாததற்குக் காரணம், நான் இல்லாவிட்டால் யாரும் திறக்க முடியாமல் போய்விடும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். இப்போது கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு வெவ்வேறு புள்ளிகளின் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். உறை பிரிந்தால் தெரியும். இதுவும் முழுக் காவல் இல்லை. 2009-இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர், விண்டோஸ் இருக்கிற டிஸ்க் முழுவதையுமே பூட்டியிருந்தாலும், ஒரு முறை பென் டிரைவில் கிளப்பி அதன் ஆரம்ப நிரலை மாற்றி வைத்துவிட்டால், அடுத்த முறை சொந்தக்காரர் தட்டும் கடவுச்சொல்லை அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்று செய்தே காட்டினார். ஆனால் அதற்குத் திருடன் இரண்டு தடவை வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு நோன்புக்கு ஒரு தடவை வரவைப்பதே பெரும்பாடு.

ஒவ்வொரு புள்ளிக்கும் அவரவர் அறைப் பட்டியலை மட்டும் தனித்தனிப் பென் டிரைவில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாயிற்று. தம்பிதான் முதல் ஆளாக வந்து வாங்கினான்.

மிச்சம் இருப்பது அந்தக் கண்ணாடி போட்ட பையனின் லேப்டாப். அழித்துவிட்டான் என்று தம்பி சொல்கிறான், அந்தப் பையனும் போனில் சொன்னான். ஒரு கோப்பை அழித்தேன் என்று சொல்லலாம், அதற்கு முன்னால் வேறு எங்கும் நகல் போகவில்லை என்று யாராலும் காட்ட முடியாது. அதனால் இரும்புப் பெட்டியும் பேரேடுகளும் இருக்கிற அறைகளின் பூட்டை மாற்றி, சாமான்களை வேறு அறைக்கு நகர்த்தலாம் என்று குழுவில் எழுதினேன். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள், யாரும் தேதி சொல்லவில்லை. மாசியில் சிவராத்திரிக்கு எல்லோரும் வருவோமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா பதில் போட்டிருக்கிறார். பூட்டை நான் அதற்கு முன்னாலேயே மாற்றிவிடப் போகிறேன். சாமானை நகர்த்த மட்டும் ஆள் வேண்டும்.